கல்லுக்கு இழுபடத் தெரியாது

விருத்தாசலத்துக்கு முதன்முறையாக வருகிறவர்கள் தவறாமல் கேட்பது: “மலை எங்கே சார்?” கேட்பதில் நியாயம் இருக்கிறது. ‘அசலம்’ என்றாலே மலை. தேவாரம் பாடியவர்கள் காலத்தில் இந்த ஊருக்குப் பெயர் திருமுதுகுன்றம். கோயிலில் இருப்பவர் பழமலைநாதர். மூன்று பெயரிலும் மலை இருக்கிறது, மூன்றிலும் அது கிழட்டு மலையாக இருக்கிறது. ஆனால் பேருந்தை விட்டு இறங்கிப் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் சமவெளிதான். மணிமுத்தாற்று மணல், கொஞ்சம் முந்திரி, கொஞ்சம் கரும்பு. சிவனே இங்கே மலையாக நின்றார், உலகத்து மலைகளுக்கெல்லாம் அதுதான் மூத்தது என்கிறது தலபுராணம்.

நிலவியலைக் கேட்டால் அது சொல்லும் கதையும் இதிலிருந்து ரொம்ப விலகி இல்லை. மலை இங்கேதான் இருக்கிறது, கப்பும் சாசருமாக.

கருங்கல்லை உடைத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் மூன்று வகைப் பொடிக்கற்கள் தெரியும். கண்ணாடி போன்ற குவார்ட்ஸ், பால் நிறத்திலோ இளஞ்சிவப்பிலோ ஃபெல்ட்ஸ்பார், பளபளக்கும் மைக்கா. மழைநீர் காற்றிலிருக்கும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மிக லேசான அமிலமாகத்தான் தரைக்கு வருகிறது. லட்சக்கணக்கான ஆண்டுகள் அது கல்லின் மேல் விழும்போது முதலில் தோற்பது ஃபெல்ட்ஸ்பார். அதிலுள்ள பொட்டாசியமும் சோடியமும் கரைந்து கடலுக்குப் போய்விடும். மிச்சம் இருப்பது வெள்ளைக் களிமண், கயோலின். களிமண் என்பது செத்த மலை.

அந்த மண்ணை வைத்துப் பிழைக்கிற ஊர் இது. செராமிக் தொழிற்பேட்டை, செராமிக் படிப்புக்கென்றே ஓர் அரசுப் பயிலகம், கொலு பொம்மையிலிருந்து ஃபியூஸ் கட்டை வரை செய்யும் சிறு பட்டறைகள். பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுக்க மேல்மண்ணை அள்ளும்போது களிமண்ணும் சேர்ந்து வருகிறது. பீங்கான் செய்ய அந்த மண்ணோடு எதைச் சேர்ப்பார்கள் தெரியுமா? குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும்தான். ஏறத்தாழ பாதி களிமண், மீதி இவை இரண்டும். 1200 டிகிரியைத் தாண்டும்போது ஃபெல்ட்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகி மற்றதையெல்லாம் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். மழை பிரித்துப் போட்டதைச் சூளைக்காரர் நெருப்பால் மறுபடி கட்டுகிறார். டீ கிளாஸுக்குப் பதில் பீங்கான் கப்பில் குடிக்கிறவர் கையில் இருப்பது, ஒரு வகையில், திரும்பச் செய்த கருங்கல்.

கல்லின் குணமும் அதனால்தான் பீங்கானுக்கு அப்படியே வந்திருக்கிறது. நல்ல குணமும் வரும், கெட்ட குணமும் வரும்.

ஒரு சாக்பீஸை எடுத்துக்கொள்ளுங்கள். மேசை மேல் நிறுத்திக் கட்டைவிரலால் நேராக அழுத்துங்கள். விரல் வலிக்குமே தவிர அது உடையாது. அதையே இரண்டு விரல்களுக்கு நடுவே லேசாக வளைத்தால் ‘டப்’பென்று ஒடியும். வளைக்கும்போது மேல்பக்கம் நெருங்குகிறது, கீழ்ப்பக்கம் இழுபடுகிறது. உடைசல் ஆரம்பிப்பது எப்போதும் இழுபடும் பக்கத்தில்தான். கருங்கல்லும் இதே சாதி. நல்ல கருங்கல் சதுர சென்டிமீட்டருக்கு ஆயிரத்தைந்நூறு கிலோ அழுத்தம் வரை தாங்கும். கணக்குப் போட்டால், நேராக ஒரு கருங்கல் தூணை ஐந்து கிலோமீட்டருக்கு மேல் உயர்த்திய பிறகுதான் தன் எடையால் அதன் அடிக்கல் நொறுங்கத் தொடங்கும். இழுத்தால் அந்தப் பலத்தில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது.

ஏன் இந்த ஓரவஞ்சனை? ஆங்கிலேயப் பொறியாளர் ஏ. ஏ. கிரிஃபித் 1921இல் கண்ணாடி இழைகளை வைத்து இதற்கு விடை சொன்னார். எந்தக் கல்லிலும், எந்தப் பீங்கானிலும், கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல்கள் பிறவியிலேயே இருக்கின்றன. இழுக்கும்போது அந்த இழுவிசை முழுவதும் விரிசலின் கூர்முனையில் போய்க் குவிகிறது. விரிசல் வாயைத் திறந்துகொண்டு ஓடுகிறது. அழுத்தும்போது அதே விரிசல் வாயை மூடிக்கொள்கிறது. அவ்வளவுதான். ஜவுளிக்கடைக்காரர் துணியின் ஓரத்தில் கத்தரிக்கோலால் சின்னதாக ஒரு வெட்டு வைத்துவிட்டுக் கையால் கிழிப்பதும் இதே வித்தை. பட்டறையில் கப்பை விரலால் சுண்டிப் பார்த்து ‘கிணு’ என்று கேட்டால் ஒரு பக்கமும், ‘டொக்’ என்று கேட்டால் இன்னொரு பக்கமும் அடுக்குகிறவர் கிரிஃபித்தைப் படித்திருக்கத் தேவையில்லை. விரிசல் எங்கே இருக்கிறது என்பது அவர் காதுக்குத் தெரியும். சிற்பிகளும் கல்லைத் தட்டி ஓசையைக் கேட்டுத்தான் ஆண் கல், பெண் கல் என்று பிரித்தார்கள்.

நம் கோயில் மண்டபங்களை இந்தக் கண்ணோடு ஒருமுறை பார்க்க வேண்டும். தூணுக்குப் பக்கத்தில் தூண், அவற்றின் மேல் குறுக்கே ஒரு கல் உத்தரம். உத்தரத்தின் அடிப்பக்கம் இழுபடுகிறது. கல்லுக்கு அது ஆகாது. ஆகவே உத்தரம் நீளமாக இருக்க முடியாது, ஆகவே தூண்கள் நெருக்கமாக நின்றே ஆக வேண்டும். மதுரையில் ஆயிரங்கால் மண்டபம் என்கிறோம். எண்ணினால் 985 தூண்கள். அத்தனையும் அழகுக்காக என்று நினைக்கிறோம். எனக்கென்னவோ, பாதி அழகு, பாதி வேறு வழியில்லாமை என்றுதான் படுகிறது. அந்த வழியில்லாமையை இவ்வளவு அழகாக மாற்றியதுதான் ஸ்தபதிகளின் சாமர்த்தியம்.

ஆனால் ஆற்றுக்குக் குறுக்கே ஆயிரங்கால் மண்டபம் கட்ட முடியாது. எட்டடிக்கு ஒரு தூண் வைத்தால் அதற்குப் பெயர் பாலமல்ல, அணை.

வேறு வழி என்ன என்பதை நான் பார்த்துத் தெரிந்துகொண்டது ஒரு பழைய சூளைக்குள்தான். இப்போது பெரும்பாலும் கேஸ் சூளைகள் வந்துவிட்டன; அது நெருப்பு அணைந்து பல வருடமான செங்கல் சூளை, உள்ளே உடைந்த அச்சுகளைப் போட்டு வைத்திருந்தார்கள். குனிந்து உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் தலைக்கு மேலே வளைவாகச் செங்கல் கூரை. நடுவில் தூண் கிடையாது, உத்தரம் கிடையாது. வெளியே மட்டும் சூளையைச் சுற்றிப் பட்டை பட்டையாக இரும்பு இறுக்கியிருந்தது. “கூரையைத் தாங்குவது இந்த இரும்புதானா ஐயா?” என்று கூட வந்த பெரியவரைக் கேட்டேன்.

“கூரையை அதுவேதான் தாங்கிக்குது தம்பி. இரும்பு, சுவரு வெளிய சாயாம பாத்துக்குது” என்றார்.

வளைவு என்ற பொறியியல் முழுவதும் இந்த இரண்டு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. ஆறேழு தடிமனான புத்தகங்களை வரிசையாக இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து நெருக்கித் தூக்குங்கள். நடுப்புத்தகம் விழாது. கைகளைக் கொஞ்சம் விலக்கினால் எல்லாம் பொத்தென்று கீழே. வளைவுக் கூரையின் ஒவ்வொரு கல்லும் ஆப்பு போல மேலே அகலம், கீழே குறுகல். கீழே விழப் பார்க்கும் ஒவ்வொன்றும் பக்கத்துக் கல்லை நெருக்குகிறது. இழுபடும் இடமே இல்லை, எங்கும் அழுத்தம்தான். கல்லுக்கு எது வராதோ அதைக் கேட்காமல், எது வருமோ அதை மட்டும் வாங்குகிற ஏற்பாடு. இதற்குக் கூலி ஒன்றுதான்: வளைவு தன் இரண்டு காலையும் ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அதற்குத்தான் பெரியவர் சொன்ன இரும்புப் பட்டை.

வளைவின் வடிவம் எப்படி இருக்க வேண்டும்? லண்டனில் ராபர்ட் ஹூக் என்ற விஞ்ஞானி 1675இல் இதைக் கண்டுபிடித்து, யாரும் திருடிவிடக் கூடாதென்று எழுத்துகளைக் கலைத்துப் போட்டுப் புதிராக அச்சிட்டார். அவர் 1703இல் இறந்த பிறகுதான் விடை வெளியே வந்தது. விடை இதுதான்: தொங்கும் சங்கிலியைத் தலைகீழாக்கு. கதவு நிலையில் இரண்டு ஆணிக்கு நடுவே தொங்கும் பூச்சரத்தைப் பாருங்கள். அதில் இருப்பது வெறும் இழுவிசை. நூலுக்கு வேறெதுவும் தெரியாது. அந்த வளைவை அப்படியே கவிழ்த்தால் அதே கோட்டில் வெறும் அழுத்தம். நூலுக்கு இழுபட மட்டும் தெரியும், கல்லுக்கு அமுங்க மட்டும் தெரியும். ஒன்றின் தலைகீழ் மற்றது.

இதை மனதில் போட்டுக்கொண்டுதான் விருத்தாசலத்தில் இரவு ரயில் ஏறினேன், திருநெல்வேலிக்கு. அங்கே ஆற்றின் குறுக்கே நான் பார்க்க விரும்பிய ஒரு பாலம் இருக்கிறது. ரயில் திருச்சிக்குப் போகும் வழியில் அரியலூரைத் தாண்டியதும் மருதையாற்றைக் கடக்கும். பெட்டியில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். 1956 நவம்பர் 23 அதிகாலையிலும் அப்படித்தான் தூங்கிக்கொண்டிருந்தார்கள், சென்னையிலிருந்து தூத்துக்குடி போன ரயிலில். வெள்ளம் பாலத்தருகே மண்ணை அரித்திருந்தது. 140 பேருக்கு மேல் இறந்தார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவியை விட்டு விலகினார். விலகியதைப் பாடப்புத்தகத்தில் படிக்கிறோம், அது எந்த ஆறு என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

தாமிரபரணியின் ஒரு கரையில் திருநெல்வேலி, மறு கரையில் பாளையங்கோட்டை. பள்ளிகளும் கல்லூரிகளும் அடைந்து கிடப்பதால் பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்பார்கள். இரண்டு ஊரையும் சேர்ப்பது சுலோசன முதலியார் பாலம். அது வருவதற்கு முன் படகுதான் கதி. ஆற்றில் வெள்ளம் என்றால் அதுவும் இல்லை. பாலம் கட்ட ஏறத்தாழ 50,000 ரூபாய் ஆகும் என்று கணக்கிட்டார்கள்; அன்றைக்கு அது மலைக்க வைக்கும் தொகை. கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் அந்தச் செலவைத் தானே ஏற்றுக்கொண்டார். அவர் மனைவி தன் நகைகளைக் கழற்றிக் கொடுத்ததாக ஊரில் ஒரு கதை உண்டு. ஃபேபர் என்பவர் வரைபடம் வரைந்து கொடுக்க, ராணுவப் பொறியாளர் கேப்டன் ஹார்ஸ்லி கட்டி முடிக்க, 1843 நவம்பர் 27 அன்று பாலம் திறக்கப்பட்டது.

நான் கொக்கிரகுளம் பக்கமாக ஆற்றில் இறங்கினேன். மாவட்ட அறிவியல் மையம் இருப்பதும் அந்தப் பக்கம்தான். அதற்குள் போகும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாசலுக்கு எதிரேயே இவ்வளவு பெரிய இயற்பியல் மாதிரி நிற்பதைக் கவனிக்கிறார்களா என்று தெரியவில்லை. மேலே நின்றால் அது ஒரு சாலை, அவ்வளவுதான். பஸ் ஹாரன், ஆட்டோ, பின்னாளில் அகலப்படுத்திய கட்டுமானம், பக்கத்திலேயே புதிதாக வந்த இன்னொரு பாலம். கீழே இறங்கினால்தான் வளைவுகள் தெரியும். வரிசையாகப் பதினொன்று. ஒரு வளைவுக்கு அடியில் போய் நின்று மேலே பார்த்தேன். விருத்தாசலத்துச் சூளைக் கூரையேதான், ஆனால் அறுபதடி அகலத்துக்கு. தலைக்கு மேலே பஸ் போகும்போது ‘தும்’மென்று ஓர் அடங்கிய ஓசை, பிறகு தண்ணீர்ச் சத்தம் மட்டும். ஒருத்தர் துண்டை அலசிப் பிழிந்துகொண்டிருந்தார்.

சூளைக்கு இருந்த இரும்புப் பட்டை இங்கே எங்கே? தேவையில்லை. ஒரு வளைவு இடப்பக்கம் தள்ளினால் அடுத்த வளைவு வலப்பக்கம் தள்ளுகிறது. நடுவில் நிற்கும் தூணில் இரண்டும் கழிந்துபோய் எடை மட்டும் கீழே இறங்குகிறது. கூட்டத்தில் தோளோடு தோள் ஒட்டி நிற்பவர்கள் விழ மாட்டார்களே, அது மாதிரி. கடைசி இரண்டு வளைவுகளின் தள்ளலைக் கரைச் சுவர்கள் வாங்கிக்கொள்கின்றன. இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. நடுவில் ஒருவர் சரிந்தால் பக்கத்தில் நிற்பவருக்கும் தோள் இல்லாமல் போகும்.

கல்லையும் கல்லையும் சேர்த்தது சுண்ணாம்புக் காரை. அதுவும் சூளையில் பிறந்ததுதான். சுண்ணாம்புச் சூளையைக் காளவாய் என்போம். சுண்ணாம்புக்கல்லை 900 டிகிரி வாக்கில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிவிடும். நீற்றி, மணல் சேர்த்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் விட்டு அரைப்பது நம் கொத்தனார்களின் பழைய முறை. கட்டிய பிறகு காரை காற்றிலிருந்து அந்த வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கி மறுபடி கல்லாகும். பல வருடம் ஆகும். சிமெண்ட் மாதிரி அவசரப்படாது. அந்த நிதானம் பாலத்துக்கு நல்லது. கல் சற்று நகர்ந்தால் காரை விட்டுக்கொடுக்கும்.

விரிசல் விட்டால்? கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜாக் ஹேமன் 1966இல் இதைத் தெளிவாக்கினார். கல் வளைவில் ஓரிடத்தில் விரிசல் வந்தால் அந்த இடம் கதவுக் கீல் போல ஆகிறது. மூன்று கீல் வரை வளைவு நிற்கும். நான்காவது விழுந்தால்தான் மடங்கி விழும். அழுத்தம் போகும் பாதை, ஹூக்கின் கவிழ்த்த பூச்சரம், கல்லின் பருமனுக்குள் எங்காவது அடங்கினால் போதும். பழைய பாலத்தில் விரிசல் இருக்கிறதே என்று பதறி இடித்துவிட நினைப்பவர்கள் முதலில் கீல்களை எண்ண வேண்டும்.

ஆக, எடையால் இந்தப் பாலத்துக்குச் சாவில்லை. மாட்டுவண்டிக்குக் கட்டியது, லாரியையும் தாங்கியது. கல்லின் பலத்தில் மிகச் சிறு பகுதியைத்தான் அது செலவழிக்கிறது.

சாவு தண்ணீரில் இருக்கிறது, அதுவும் மேலே தெரியும் தண்ணீரில் அல்ல. கடற்கரையில் அலை திரும்பும்போது குதிகாலுக்கு அடியிலிருந்து மணல் கழன்று, நின்ற இடத்திலேயே புதைவோமே, அதுதான் பாலத் தூணுக்கும் நடப்பது. ஓடிவரும் நீர் தூணில் மோதிக் கீழ்நோக்கிப் பாய்ந்து, அடியில் சுழலாகச் சுருண்டு, மண்ணைத் தோண்டுகிறது. இந்தத் தோண்டலில் கொடுமையான ஒரு கணக்கு இருக்கிறது: நீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது உருட்டிப்போகும் கல்லின் எடை இரண்டு மடங்கோ நான்கு மடங்கோ அல்ல, 64 மடங்கு. ஆறாம் அடுக்கு.

சுலோசன முதலியார் பாலத்துக்கே போட்டுப் பார்ப்போம். மொத்த நீளம் 760 அடி. அறுபதடி வளைவு பதினொன்று என்றால் 660 அடி. மீதி 100 அடியை அடைத்து நிற்பவை பத்துத் தூண்கள். 760 அடியில் வந்த நீர் 660 அடிக்குள் புகுந்து போக வேண்டும். வேகம் சுமார் 15 சதவீதம் கூடும். 15 சதவீதம்தானே என்று தோன்றும். ஆறாம் அடுக்கில் பெருக்கினால், பாலத்துக்கு மேலே ஆறு உருட்ட முடிந்த கல்லைப் போல இரண்டு மடங்குக்கு மேல் எடையுள்ள கல்லைப் பாலத்துக்கு அடியில் உருட்டும். எளிய கணக்குதான், நிஜ ஆறு இதைவிடச் சிக்கலானது. ஆனால் ஒவ்வொரு பாலமும் தன் காலடியைத் தானே தோண்டிக்கொள்ள ஆற்றுக்குக் கூடுதல் பலம் கொடுக்கிறது என்பது மாறாது. திருச்சியில் 1928இல் கட்டிய பழைய கொள்ளிடம் பாலம் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இப்படித்தான் தூண் சரிந்து விழுந்தது. விழக் காரணம் மேலே இருந்த இரும்பு அல்ல. மணல் அள்ளி ஆற்றின் படுகையைத் தாழ்த்துகிறவர்கள், தண்ணீர் நூறு வருடத்தில் செய்கிற வேலையைச் சில வருடத்தில் முடித்துக் கொடுக்கிறார்கள்.

நெல்லையில் இதைப் பாலத்துக்கு வெகு முன்பே புரிந்துவைத்திருந்தார்கள். சற்று தூரத்தில் ஆற்றுக்குள்ளேயே இருக்கும் குறுக்குத்துறை முருகன் கோயிலின், வெள்ளம் வரும் பக்கத்துச் சுவர் படகின் முனை போல இருக்கும். பாலத்துத் தூண்களுக்கு மூக்கு வைப்பதும் இதே காரணத்துக்குத்தான். மோதாதே, பிளந்துகொண்டு போ. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது தாமிரபரணி குறுக்குத்துறைக் கோயிலை மூழ்கடித்துக்கொண்டு போனது. வெள்ளம் வடிந்தது. கோயிலும் நின்றது, பாலமும் நின்றது.

இந்தப் பாலத்துக்கு மாதிரியாக வைத்துக்கொண்டது லண்டனில் தேம்ஸ் நதிமேல் ஜான் ரென்னி கட்டிய வாட்டர்லூ பாலத்தை. 1817இல் திறந்தது, ஒன்பது வளைவு, ஒவ்வொன்றும் 120 அடி, முழுக்கக் கருங்கல். நம்முடையதைப் போல இரண்டு மடங்கு தாவல். அது எப்படிச் செத்தது என்பதுதான் வேடிக்கை. கொஞ்சம் கீழே இருந்த பழைய லண்டன் பாலத்தின் தடித்த தூண்கள் நூற்றாண்டுக் கணக்கில் ஆற்றை அடைத்துக்கொண்டு நின்றன. 1831இல் புதிய லண்டன் பாலம் திறந்ததும் பழையதை இடித்தார்கள். அடைப்பு நீங்கித் தேம்ஸ் வேகம் எடுத்தது. ரென்னியின் தூண்களுக்கு அடியில் தோண்டத் தொடங்கியது. தூண்கள் மெல்ல மெல்ல இறங்கி, 1924இல் போக்குவரத்தை நிறுத்தி, 1930களில் பாலத்தையே பிரித்தார்கள். வளைவுகள் பளு தாங்காமல் விழவில்லை. ஒரு பாலத்தைக் கொன்றது, சற்றுத் தள்ளி இன்னொரு பாலத்தை எடுத்தது.

இன்று லண்டனில் வாட்டர்லூ பாலம் என்ற பெயரில் இருப்பது கான்கிரீட். அசல் போய்விட்டது, அதைப் பார்த்துக் கட்டிய நகல் நெல்லையில் நிற்கிறது. போகிறவர்கள் தண்ணீர் ஒடுங்கியிருக்கும் கோடையில் போங்கள். மேலே நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் ஒரு தடவை படித்துறை வழியாகக் கீழே இறங்கி, தூண் மண்ணுக்குள் போகும் இடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.